விஎஸ் கோட் திணறும்போது

கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் இழுத்தால் உடனே ரேம் வாங்கக் கிளம்பாதீர்கள். ஹெல்ப் மெனுவில் ‘ஓப்பன் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்று இருக்கும். எலக்ட்ரான் (வெப் டெக்னாலஜியில் டெஸ்க்டாப் ஆப் செய்ய உதவும் ஃப்ரேம்வொர்க்) மேல் ஓடும் எடிட்டர் என்பதால் விண்டோ, எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட், டெர்மினல் எல்லாம் தனித்தனி பிராசஸ்கள். எது மெமரியை விழுங்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் மாட்டுவது எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்தான்; நாம் சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் ஒன்றாக ஓடும் பிராசஸ் அது. சரி, 40 எக்ஸ்டென்ஷனில் எது குற்றவாளி? (40 எதற்கு என்பது தனிக் கேள்வி.) கமாண்ட் பேலட்டில் (கமாண்டுகளைத் தேடி இயக்கும் பெட்டி) ‘ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ கொடுங்கள். பாதியை அணைத்துவிட்டு, பிரச்சினை இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். அப்புறம் மீதியில் பாதி. ஐந்தாறு சுற்றில் ஆள் சிக்கிவிடும். இவ்வளவு நல்ல வசதியைப் பலர் தொட்டதே இல்லை!

எக்ஸ்டென்ஷன்கள் மேல் தப்பில்லை என்றால், அடிக்கடி மாறும் பில்ட் ஃபோல்டர்களை ‘வாட்சர் எக்ஸ்க்ளூட்’ செட்டிங்கில் சேர்த்துப் பாருங்கள்; அவற்றில் நடக்கும் மாற்றங்களை எடிட்டர் கவனித்துக்கொண்டே இருக்காது.