பழகிய கையை மறக்கடித்த நோர்த்தோல்ட்

லண்டனுக்கு மேற்கே நோர்த்தோல்ட் விமானத்தளத்தில் 1940 ஆகஸ்ட் 2 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் போர்விமானப் பிரிவான 303ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது அதில் சேர்ந்த போலந்துக்காரர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. பலர் 1939 செப்டம்பரில் சொந்த ஊர் வானத்தில் சண்டையிட்டு, ருமேனியா வழியாகத் தப்பி, பிரான்சின் தோல்வியையும் பார்த்துவிட்டு வந்தவர்கள். பறக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழகிய கையை மறக்கடிப்பதுதான் பெரும்பாடு.

முதல் சிக்கல் த்ராட்டில், அதாவது இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் லீவர். அவர்கள் ஓட்டிப் பழகிய விமானங்களில் வேகம் கூட்ட அதைப் பின்னால் இழுக்க வேண்டும். இங்கே கொடுத்த ஹரிக்கேன் போர்விமானத்தில் முன்னால் தள்ள வேண்டும். நிதானமாக இருக்கும்போது தவறாது. இறங்கும் நேரத்தில் திடீரென்று பவர் தேவைப்பட்டால் கை தானாக இழுத்துவிடும், இன்ஜின் அடங்கிவிடும்.

அடுத்தது சக்கரம். போலந்தின் பி.11 விமானத்தில் சக்கரங்கள் மடங்காது, அதனால் அவற்றைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஹரிக்கேனில் சக்கர லீவர் வலப்பக்கம், த்ராட்டில் இடப்பக்கம். மேலெழும்பியதும் இடது கையை த்ராட்டிலிலிருந்து எடுத்து, விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் லீவரைத் தள்ள வேண்டும். இறங்கும்போது அதே வேலை மறுபடியும். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் இறங்கக் கூடாது. மறந்தால் வயிற்றால் தரையை உழ வேண்டியதுதான்: ப்ரொப்பெல்லர் போகும், அடிவயிற்றில் தொங்கும் ரேடியேட்டரும் நசுங்கும். அப்படிச் சில ஹரிக்கேன்கள் நசுங்கவும் செய்தன.

கிலோமீட்டர் மைலாகவும், மீட்டர் அடியாகவும், லிட்டர் கேலனாகவும் மாறியது. இதையெல்லாம்விடக் கஷ்டம் ரேடியோவில் வரும் ஆங்கிலக் குறிச்சொற்கள். 'ஏஞ்சல்ஸ் 15' என்றால் 15,000 அடி உயரம். 'வெக்டர்' என்றால் போக வேண்டிய திசை, பாகையில். 'பாண்டிட்' எதிரி விமானம், 'பேன்கேக்' தரையிறங்கு. அகராதியைப் புரட்டினால் தேவதையும் தோசையும்தான் வரும். பயிற்சிக்காக ரேடியோவும் திசைகாட்டியும் பொருத்திய மூன்று சக்கர சைக்கிள்களைக் கொடுத்து அருகிலுள்ள அக்ஸ்பிரிட்ஜ் மைதானத்தில் சுற்றவிட்டார்கள். சண்டையில் அடிபட்டு வந்த ஆட்களைச் சைக்கிள் மிதிக்கச் சொன்னால் கடுப்பு வராதா? ஆனால் உத்தரவு புரியாத விமானி கட்டுப்பாட்டு அறைக்குப் பயன்படமாட்டார் என்பதும் நியாயம்தான். கற்றல் ஒருபக்கமாக மட்டும் நடக்கவில்லை: 303இன் அதிகாரிகளில் ஒருவரும் கனடாக்காரருமான ஜான் கென்ட் போலிஷ் சொற்களை ஒலிப்படி தன் கால்சட்டையிலேயே எழுதிவைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 30 அன்று பயிற்சிப் பறப்பின் நடுவே 303இன் விமானி லுத்விக் பாஷ்கியேவிச் அணியை விட்டு விலகிப்போய் ஒரு ஜெர்மன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். மறுநாளே ஸ்குவாட்ரன் களத்தில். 1940இல் ஜெர்மன் விமானப்படைக்கு எதிராக நடந்த பிரிட்டன் வான்போரில், சுட்டு வீழ்த்தியதாக அது கோரிய எதிரி விமானங்களின் எண்ணிக்கை 126. பிற்கால ஆய்வில் அது குறைந்தது, மற்ற ஸ்குவாட்ரன்களின் கணக்கும் அப்படித்தான்.

உண்மையான குடியேற்றம் போருக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 1945 ஜூலையில் லண்டனிலிருந்து இயங்கிய நாடுகடந்த போலந்து அரசுக்கான அங்கீகாரத்தை பிரிட்டன் விலக்கிக்கொண்டது. 1946இல் போலந்து வீரர்களைப் பொதுவாழ்க்கைக்கு மாற்ற மீள்குடியேற்றப் படை வந்தது: இரண்டு ஆண்டு ஒப்பந்தம், சம்பளம், ஆங்கில வகுப்பு, அதற்குள் வெளி வேலை தேடிக்கொள்ள வேண்டும். சண்டை விமானம் ஓட்டிய அனுபவத்துக்கு வெளியில் என்ன மதிப்பு? கிடைத்த வேலைதான். குடும்பங்களுக்கு முகாம்களில் நெளிதகர நிஸ்ஸன் குடில். குளிர்காலத்தில் தகரத்தின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும்.

திரும்பிப் போவதும் எளிதில்லை; போலந்தில் அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி. போலந்தின் முதன்மை வான்வீரர் ஸ்தனிஸ்வாவ் ஸ்கால்ஸ்கி 1947இல் ஊர் திரும்பினார். 1948இல் உளவாளி என்று கைது, பிறகு மரண தண்டனை. அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து 1956இல் வெளியே வந்தார். இங்கிலாந்தில் தங்கியவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, கட்டிவைத்த பெட்டியை மறுபடி அவிழ்த்தார்கள்.