கல்வாரி படிக்கட்டுல தங்கச்சி கை

அம்மா கடைசியா கேட்டது ஒன்னே ஒன்னுதான், அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்து எருசலேம் போயி, இயேசுவைச் சிலுவையில அறைஞ்ச இடமான கல்வாரியில எனக்காக ஒரு ஜெபமாலை சொல்லணும்னு. அந்த "சேர்ந்து"ங்கற வார்த்தைக்காகவே நான் நாலு வருஷம் தள்ளிப்போட்டேன்.

சண்டை ஒன்னும் இல்ல. எனக்கு ஏழு வருஷமா குழந்தை இல்ல, அவளுக்குக் கல்யாணமாகி ஒரே வருஷத்துல பிறந்துச்சு, அந்தப் பிள்ளையோட ஞானஸ்நானத்துக்குக் காய்ச்சல்னு பொய் சொல்லி நான் போகல. அப்புறம் ஆண்டவர் எனக்கும் ஒரு பையனைக் குடுத்தார், ஆனாலும் உள்ள இருந்தது போகல, அவ பையன் மார்க் எவ்ளோ, அவ வீடு எவ்ளோ பெருசுன்னு வேற வேற ரூபத்துல வந்துகிட்டே இருந்துச்சு. பாவசங்கீர்த்தனத்துல, அதாவது சாமியார்கிட்ட பாவத்தை ஒத்துக்கும்போது, கோபம், பொய், பூசைக்குப் போகாததுன்னு எல்லாம் சொல்வேன், இதை மட்டும் சொன்னதில்ல. இதுக்கு "மனவருத்தம்"னு நானே பேர் வச்சிருந்தேன்.

எருசலேம்ல, இயேசு சிலுவை சுமந்து போன வழியில ஸ்தலம் ஸ்தலமா நின்னு ஜெபிக்கற சிலுவைப்பாதையில, முதல் ஸ்தலத்துலயே ஃபாதர் பைபிள்ல மாற்கு 15 வாசிச்சார். தலைமைக் குருக்கள் பொறாமையாலதான் இயேசுவை ஒப்புக்குடுத்தாங்கன்னு ரோம ஆளுநர் பிலாத்துவுக்குத் தெரியும்னு அதுல வருது. எத்தனையோ தடவை கேட்டதுதான், அன்னைக்கு எனக்கு அந்தக் காலத்து ஆளுங்க யாரும் ஞாபகம் வரல, என் பொய்க் காய்ச்சல்தான் ஞாபகம் வந்துச்சு.

பஸ் லேட்டானதால கடையெல்லாம் திறந்த பிறகு நடந்தோம், சந்து முழுக்க கூட்டம், ஒலிவ மரச் சிலுவை வாங்குங்கன்னு ஒருத்தர் கையைப் பிடிச்சு இழுக்கறார், இன்னொருத்தர் போட்டோ எடுத்துட்டு காசு கேட்டு பின்னாடியே வர்றார், ஏழாம் ஸ்தலமா எட்டாம் ஸ்தலமான்னே தெரியாம முட்டி மோதிப் போனோம். ஆண்டவர் நடந்தப்பவும் இப்படித்தான் சந்தை சத்தம் இருந்திருக்குமோ என்னவோ.

கல்வாரியும் இயேசுவோட கல்லறையும் உள்ள இருக்கற கல்லறைக் கோயில் வாசலுக்கு மேல ஜன்னல்கிட்ட ஒரு சின்ன மர ஏணி நிக்குது, 1700கள்ல வரைஞ்ச படத்துலயே அது இருக்காம். உள்ள 6 கிறிஸ்தவ சபைக்கு உரிமை, ஒருத்தர் சம்மதம் இல்லாம இன்னொருத்தர் அதை நகர்த்த முடியாது, வாசல் சாவியே முஸ்லிம் குடும்பங்க கையிலதான் இருக்கு. அதைக் கேட்டப்ப எனக்கு உடம்பு நடுங்கிடுச்சு, தங்கச்சிக்கும் எனக்கும் நடுவுல இத்தனை வருஷமா நான் நகர்த்தாம வச்சிருந்த ஏணி அப்படியே கண்ணு முன்னாடி நின்னுச்சு.

உள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் கல்வாரிக்கு ஏறணும், படி ரொம்ப செங்குத்து, எனக்கு முட்டி வலி, தங்கச்சி முன்னாடி ஏறினவ திரும்பிப் பார்த்து ஒன்னும் பேசாம கையை நீட்டினா. பிடிச்சேன். மேல பீடத்துக்கு அடியில மண்டிபோட்டுக் குனிஞ்சு, சிலுவை நின்ன இடம்னு சொல்ற ஓட்டைக்குள்ள கையை விட்டு பாறையைத் தொட்டேன், ஜில்லுனு இருந்துச்சு. பின்னாடி நிக்கறவங்க சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்தறாங்க, சில செகண்ட்தான் கிடைச்சிருக்கும். மனசுல தயார் பண்ணி வச்ச ஜெபம் எதுவும் வரல, "ஆண்டவரே எனக்கு அவமேல பொறாமை"ன்னு அந்தப் பேரையே சொல்லிட்டேன். வேற எங்கயும் அழாத அழுகை.

கீழ இறங்கி ஆண்டவர் உடலைக் கிடத்தின கல்லுல அம்மாவோட ஜெபமாலையை வச்சு எடுக்கும்போது தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன், காய்ச்சல் பொய்யின்னு, எல்லாத்தையும். அவ "தெரியும்க்கா, அம்மாவுக்கும் தெரியும்"னா.

தெரிஞ்சேதான் அந்த ஏழு வருஷமும் எனக்காக ரெண்டு பேரும் ஜெபிச்சிருக்காங்க! நாம பாவிகளா இருக்கும்போதே கிறிஸ்து நமக்காக உயிரைக் குடுத்தார்னு உரோமையர் 5ல பவுல் எழுதினதுக்கு எனக்கு அன்னைக்குத்தான் அர்த்தம் புரிஞ்சது, நான் திருந்தி வரட்டும்னு அவர் காத்திருக்கவே இல்ல. சாயங்காலம் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன், இந்த வாட்டி ஒன்னையும் ஒளிக்கல.

கல்லறை வரிசையில நின்னுகிட்டே அம்மா கேட்ட ஜெபமாலையை ஆரம்பிச்சோம், ஒரு பத்து அவ, ஒரு பத்து நான். முடியறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கூப்பிட்டுட்டாங்க, மீதியை அந்த சந்துல நடந்துகிட்டே கையை விடாம சொல்லி முடிச்சோம். இயேசுவே உமக்குக் கோடி நன்றி, மாதாவே நன்றி.