விரலுக்கும் ஒலிக்கும் நடுவே: கோத்தகிரி நாட்குறிப்பு

நவம்பர் 4, திங்கள்

போனில் ஒலி தாமதம் என்று சொல்லும்போது இரண்டு கணக்குகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. திரையில் தட்டியதிலிருந்து காதில் கேட்கும் வரை ஆகும் நேரம் ஒன்று. போனையே வாத்தியமாக வாசிப்பவருக்கு இதுதான் முக்கியம். மைக்கில் நுழைந்த ஒலி போனுக்குள் சுற்றி இயர்போனில் வெளியே வரும் வரை ஆகும் நேரம் இன்னொன்று, ரவுண்ட் ட்ரிப். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு பாடுபவருக்கும், ஒரு ட்ராக்கின் மேல் அடுத்ததைப் பதிவு செய்பவருக்கும் இது வேண்டும்.

எவ்வளவு தாங்கும்? இங்கத்திய 15 டிகிரியில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 10 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் வாத்தியக்காரர் 3.4 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பது போல. மேடையில் அது பழகிய தூரம்தான். நிமிடத்துக்கு 90 அட்சரம், சதுஸ்ர நடை (அட்சரத்துக்கு நான்கு சொல்) என்று வைத்தால் தகதிமியில் ஒரு சொல்லுக்கு 167 மில்லிசெகண்ட். தாமதம் 42 ஆனால் ஒவ்வொரு சொல்லும் கால் பங்கு பின்னால் விழும். கை அதை ஈடுகட்ட முந்தித் தட்டும், காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், ஓடத் தொடங்கிவிடும்.

நவம்பர் 5, செவ்வாய்

தட்டல் அளவுக்குத் தனிக் கருவி வேண்டாம். இரண்டாவது போனில் 48,000 சாம்பிள் ரேட்டில் (ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து) வேவ் என்ற சுருக்காத கோப்பாகப் பதிவை ஓடவிட்டு, முதல் போனின் ஸ்பீக்கர் பக்கமாகப் பத்து சென்டிமீட்டருக்குள் வைக்க வேண்டும். டிரம் ஆப்பில் பத்துத் தட்டு. நகத்தால் தட்டினால் சத்தம் நன்றாகப் பதிவாகும், ஆனால் திரைக்குத் தெரியாது. விரல் சதை படும்படி, கண்ணாடி ‘டொக்’ என்று கேட்கும் அளவு அழுத்தித் தட்டுவதே சரி.

பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் விரல் தட்டிய மெல்லிய ஒரு முள், கொஞ்சம் வெறும் கோடு, பிறகு டிரம்மின் அடர்ந்த அலை. முள்ளின் தொடக்கத்துக்கும் அலையின் தொடக்கத்துக்கும் இடையே எத்தனை சாம்பிள் என்று பார்த்து 48-ஆல் வகுத்தால் மில்லிசெகண்ட். பத்தையும் வரிசைப்படுத்தி நடு எண்ணையும், சிறியது பெரியதுக்கு இடையிலான வித்தியாசத்தையும் குறிக்க வேண்டும். எங்களைக் கேட்டால் வித்தியாசம்தான் பெரிய எதிரி. ஒரே சீரான 30-க்குக் கை பழகிவிடும். 20-க்கும் 45-க்கும் நடுவே ஆடுவதற்குப் பழகவே முடியாது.

எண் எதிர்பாராமல் பெரிதாக வந்தால் முதலில் இரண்டைப் பார்க்கவும். சில ஆப்கள் விரல் படும்போது ஒலிக்காமல், விரலை எடுக்கும்போதுதான் ஒலிக்கும். அடுத்தது, டிரம் சாம்பிள், அதாவது ஆப் ஒலிக்கும் டிரம் ஒலிக் கோப்பு, எம்பி3-ஆக இருப்பது. லேம் என்கோடரில் (எம்பி3 ஆக்கும் மென்பொருள்) போட்ட கோப்பின் தலையில், அதைத் திரும்ப ஒலியாக்கும் டிகோடர் பங்கையும் சேர்த்து 1105 சாம்பிள் வெற்றிடம் வரும். 44,100-இல் அது 25 மில்லிசெகண்ட். பிளேயர் அதை வெட்டிவிடாவிட்டால் போன் மேல் வீண்பழி. சாம்பிள்களை வேவ் ஆகவே வைத்து, முன்னால் உள்ள மௌனத்தை வெட்டிவிடலாம்.

நவம்பர் 7, வியாழன்

வடகிழக்குப் பருவமழை, தகரக் கூரை. ஒவ்வொரு துளியும் ஒரு தட்டு மாதிரியே பதிவாகிறது. முள் எது, மழை எது என்று பிரிக்க முடியவில்லை. மூடுபனியில் திரை ஈரமானால் தொடாத தொடுகையும் பதிவாகும். இன்று தட்டல் சோதனை இல்லை.

ரவுண்ட் ட்ரிப் பார்க்க மழை தடையில்லை. ஓபோடெஸ்டர் என்ற, ஆண்ட்ராய்டு போனின் ஒலியைச் சோதிக்கும் ஆப்பில் அந்தச் சோதனை இருக்கிறது. அனுப்பிய ஒலி வடிவத்தைத் திரும்பி வந்ததோடு ஒப்பிட்டுத் தாமதத்தையும், அதை எவ்வளவு நம்பலாம் என்ற எண்ணையும் தருகிறது. இயர்போனின் மொட்டை (காதில் செருகும் முனையை) மைக் துளையில் அழுத்தி, போனோடு சேர்த்துக் கம்பளியில் சுற்றினால் போதும். எந்த மைக் என்பதில்தான் தவறு நடக்கும். ஒயரிலேயே மைக் உள்ள இயர்போனைச் செருகினால் போனின் கீழ் மைக் வேலை செய்யாது. அப்போது இயர்போன் மொட்டை அந்த ஒயரில் உள்ள மைக்கில்தான் வைக்க வேண்டும். நம்பிக்கை எண் குறைவாக வந்தால் தாமத எண்ணைக் குறிக்கவே வேண்டாம்.

நவம்பர் 9, சனி

குறைப்பதற்கான வேலை. ஏஆடியோ என்பது ஆப்கள் ஒலியை அனுப்பவும் வாங்கவும் 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த வழி. அதில் ஆப் லோ லேட்டன்சி (குறைந்த தாமத) நிலையும் எக்ஸ்க்ளூசிவ் (வேறு ஆப்போடு பங்கிடாத) பகிர்வும் கேட்டால், தாமதம் குறைந்த குறுக்குவழி கிடைக்க வாய்ப்புண்டு. போனின் சொந்த சாம்பிள் ரேட் 48,000 ஆக இருக்கும்போது ஆப் 44,100 கேட்டால், நடுவே ரேட் மாற்றும் வேலை நுழைந்து அந்த வழி கைவிட்டுப் போகலாம். ப்ராஜெக்டைத் தொடங்கும்போதே 48,000 வைப்பது நல்லது.

போன் ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டுதான் பர்ஸ்ட். அது 192 ஃப்ரேம் (எல்லாச் சேனலுக்கும் ஒரு சாம்பிள் சேர்ந்தது ஒரு ஃப்ரேம்) என்றால் 48,000-இல் 4 மில்லிசெகண்ட். பஃபரில், அதாவது ஒலி காத்திருக்கும் இடத்தில், இரண்டு பர்ஸ்ட் வைத்தால் 8. ஒன்றாகக் குறைத்தால் ஒலி படபடவென்று வெடிக்கும், ஏனென்றால் அடுத்த துண்டைத் தயார் செய்யப் ப்ராசஸருக்கு நேரம் போதவில்லை. இரண்டில் தொடங்கி, வெடித்தால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றவும். பேட்டரி சேவரை அணைக்கவும். அது ப்ராசஸர் வேகத்தை இறக்கிவிடும். சார்ஜ் போட்டபடி நெடுநேரம் வாசித்தால் சூடேறியும் அதே கதி.

ப்ளூடூத் இயர்போனில் நூறு மில்லிசெகண்டுக்கு மேல் போவது சாதாரணம். கேட்கலாம், வாசிக்க உதவாது.

நவம்பர் 12, செவ்வாய்

ஓவர்டப், அதாவது ஒரு ட்ராக்கைக் கேட்டபடி அதன் மேல் அடுத்ததைப் பதிவது: அதில் வரும் தாமதம் மட்டும் முழுதாகச் சரிசெய்யக்கூடியது. ஓபோடெஸ்டர் எண்ணை அப்படியே பதிவு ஆப்பில் போடக் கூடாது, அந்த ஆப்புக்குத் தனி பஃபர் உண்டு. ஆப்புக்குள்ளேயே அளக்க வேண்டும்: ஒரு கிளிக் ட்ராக்கை (சீராகக் ‘டிக்’ என்று ஒலிப்பது) ஓடவிட்டு, மொட்டு மைக் மேல் இருக்க, அதைப் புது ட்ராக்கில் பதிவு செய்யவும். பழைய கிளிக்குக்கும் புதியதுக்கும் இடைவெளி 61 மில்லிசெகண்ட் என்றால், 48,000-இல் புது ட்ராக்கை 2928 சாம்பிள் இடப்பக்கம் நகர்த்தவும்.

ஆப்பை மூடித் திறந்து இதை ஐந்து முறை செய்யவும். ஐந்தும் ஒரு மில்லிசெகண்டுக்குள் நின்றால் ஆப்பின் திருத்த அமைப்பில் எழுதிவிடலாம். பத்து, பதினைந்து என்று மாறினால் நிரந்தர எண்ணை நம்ப முடியாது. அப்போது ஒவ்வொரு டேக்கின் (ஒரு முறை பாடிப் பதிவதன்) தொடக்கத்திலும் மொட்டை மைக் மேல் வைத்து நான்கு கிளிக் பதிந்து, பதிவை நிறுத்தாமலே காதில் மாட்டிக்கொண்டு பாட வேண்டும். பிறகு கிளிக்கோடு கிளிக்கைப் பொருத்திவிட்டு, அந்த நான்கையும் வெட்டலாம்.