சாப்பிட்ட பின் சுகர்: 2 மணி நேரம் எப்போதிலிருந்து?

கை கழுவியதிலிருந்து அல்ல, முதல் வாய் வைத்ததிலிருந்து. லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் சர்க்கரை போடாத காபியோடு நிறுத்திக்கொண்டால் ரிசல்ட் அழகாக வரும், உதவாது. வழக்கமான டிபன், வழக்கமான மாத்திரை, இரண்டையும் மாற்றக் கூடாது.

வீட்டில் பார்ப்பவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலைக் குத்தினால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். ஈரமிருந்தால் ரத்தம் நீர்த்து அளவு குறையும். விரல் நுனியின் நடுவில் வேண்டாம், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. அழுத்திப் பிதுக்காதீர்கள். ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை உடனே மூடுங்கள். காற்றின் ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுவிடும்.

2 மணி நேர அளவு, சர்க்கரை நோய் இல்லாதவருக்குப் பொதுவாக 140 mg/dLக்குள் இருக்கும். நோயுள்ள பெரும்பாலோருக்கு 180க்குள் என்பது இலக்கு. கர்ப்பிணிகளுக்கு 120க்குள், அது தனிக் கணக்கு.

இட்லி சட்டென ஏற்றும். நெய் மிதக்கும் பொங்கல் ஏமாற்றுக்காரன்: கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் 2 மணி நேரத்தில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு அப்புறம் ஏறலாம். பொங்கல் நாளில் 3 மணி நேரத்திலும் ஒருமுறை பாருங்கள்.