வராந்தாவில் நிற்பவர்கள்

வேலூரில் கீமோ, அதாவது புற்றுநோய் மருந்து, ஏற்றும் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். உள்ளே பெண்கள் படுத்திருப்பார்கள். வீட்டுக்காரர்கள் ஃபைலும் ஸ்கேன் கவருமாக வராந்தாவில் நிற்பார்கள். மார்பகப் புற்றுநோய் என்றால் எல்லா விவரத்தையும் பெண்ணிடமே சொல்லிப் பழகிவிட்டோம். வெளியே நிற்பவரிடம் பில் கட்டச் சொல்வதோடு சரி.

குடியாத்தத்தில் தறி ஓட்டிய ஒரு பெரியவர், எழுபது வயதைத் தாண்டியவர். அவர் மனைவிக்கு ஒரு பக்க மார்பை எடுத்து, புண்ணில் ஊறும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் குழாயோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். சேருகிற நீரைத் தினமும் அளந்து எழுதுங்கள், ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் நூல் கணக்கு எழுதும் நீள நோட்டை விரித்தார். தேதி, காலை, மாலை, மில்லி. பக்கத்தில் நிறம்: பீட்ரூட் தண்ணி, டீ டிகாஷன், கடைசி இரண்டு நாளும் நல்லெண்ணெய். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் முதுகுகூடத் தேய்ச்சது இல்ல சிஸ்டர். இப்ப இவர்தான் துடைச்சு விடுறாரு" என்றார் அந்த அம்மா. சொல்லும்போது வெட்கப்பட்டார்.

நாற்பதுகளில் இருப்பவர்களுக்குக் கடனும் பிள்ளைகளின் ஃபீஸும் பேசவே நேரம் போதாது. பாதி நாள் கணவர் வேலைக்குப் போய்விடுவார், பிளஸ் டூ படிக்கிற பெண்தான் அம்மாவோடு வந்து உட்கார்ந்திருப்பாள்.

என்னால் மறக்க முடியாதவர்கள் ஆம்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடி. இருவரும் ஷூ கம்பெனியில் வேலை. அவளுக்கு 29 வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். அவன் உள்ளே வரவே மாட்டான். அக்கறை இல்லாதவன் என்று நினைத்தேன். தப்பு. இரண்டாவது கீமோவின்போது தண்ணீர்க் குழாய் பக்கம் நிறுத்திக் கேட்டான்: "சிஸ்டர், இனிமே எங்களுக்குக் குழந்தை பிறக்குமா?"

முதல் கீமோவுக்கு முன்பே பேசியிருக்க வேண்டிய விஷயம் அது. இந்த மருந்துகள் கருமுட்டைகளைப் பாதிக்கலாம். அதற்கு முன்பே முட்டையை எடுத்து உறைய வைக்க வழி உண்டு. நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உயிருக்குப் போராடுகிறவளிடம் குழந்தையைப் பற்றி எப்படிக் கேட்பது என்று அவன் அடக்கி வைத்திருந்தான். அவளும் அதே கேள்வியை என்னிடம் தனியாகக் கேட்டாள், அவன் காதில் விழுந்துவிடக் கூடாது என்று.

அன்றே இருவரையும் டாக்டர் முன் சேர்த்து உட்கார வைத்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டு இருவரும் அழுதார்கள், சேர்ந்தே அழுதார்கள். இப்போதெல்லாம் முதல் நாளே வராந்தாவிலிருந்து கணவரைக் கூப்பிட்டுவிடுகிறேன். மாமியார், நாத்தனார் எல்லாம் அப்புறம்.

மூன்றாவது கீமோவுக்கு அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். புதிதாக வந்த நர்ஸ் பி.பி. பார்க்கப் பட்டையை எடுத்ததும், மனைவி வாய் திறப்பதற்குள் எழுந்துவிட்டான்.

"அந்தக் கை வேணாம் சிஸ்டர், ஆபரேஷன் பண்ண பக்கம். இந்தக் கையில பாருங்க."