பூக்கடைக்கு வரும் அழைப்புகள்

18 ஜனவரி 2025, சனி

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் அக்காவுக்காக ஒரு செயலி. போன் அடிக்கும்போதே யார், போன தடவை என்ன வாங்கினார், பாக்கி எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று திரையில் தெரிய வேண்டுமாம். கூடவே ஸ்கேம் அழைப்புகளைத் தடுக்கும் வசதியும் போட்டுத் தரட்டுமா என்றேன்.

"தெரியாத நம்பர்தான் தம்பி எனக்குச் சோறு போடுது. அதைத் தடுத்துட்டா கடைய சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

நியாயம்தான். கல்யாண மாலைக்குக் கூப்பிடுகிறவரின் எண் எந்தக் கடைக்காரரிடமும் இருக்காது. போலீஸ், கோர்ட் என்று மிரட்டும் அழைப்புகள் அக்காவுக்கும் வருகின்றன. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சரம் கட்டிக்கொண்டிருப்பார். மோசடியில் பணம் போனால் கூப்பிட வேண்டிய 997 கல்லாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறது. ஆகவே இந்தச் செயலி எந்த அழைப்பையும் வெட்டாது, ஊமையாக்காது. கடைக்குத் தெரிந்ததைச் சொல்லும், அவ்வளவுதான்.

19 ஜனவரி, ஞாயிறு

ஆண்ட்ராய்டில் இதற்குச் சரியான வாசல் கால் ஸ்கிரீனிங் சர்வீஸ்: வரும் அழைப்பை மணி அடிக்கும் முன்பே செயலிக்குக் காட்டும் வசதி. 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்தது. அப்போது போனின் முதன்மை டயலராக (அழைப்புகளைக் கையாளும் செயலியாக) இருந்தால்தான் பயன்படுத்த முடியும். ஆண்ட்ராய்டு 10-இல்தான் இந்த வேலைக்கென்றே தனி 'ரோல்' (பொறுப்பு) கொடுத்தார்கள். இப்போது டயலரை மாற்றாமலே அழைப்பைப் பார்க்கலாம், கால் லாக் (அழைப்புப் பட்டியல்) அனுமதியும் வேண்டாம். பிளே ஸ்டோர் அந்த அனுமதியைக் கேட்கும் செயலிகளைக் கெடுபிடியாகப் பார்ப்பதால் இது பெரிய நிம்மதி. 10-க்குக் கீழே உள்ள போன்களை விட்டுவிட்டேன்.

கவனிக்க வேண்டியது நேரம். அழைப்பு வந்ததும் சிஸ்டம் நம் சர்வீஸைக் கேட்கும். பதில் சொல்ல 5 விநாடி. அதுவரை போன் மணியே அடிக்காது. வாடிக்கையாளர் காதில் ரிங் போய்க்கொண்டிருக்கும், இங்கே கடை அமைதியாக இருக்கும். டேட்டாபேஸில் தேடி முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று பல மாதிரி நிரல்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. முதல் வரியிலேயே 'விடு' என்று பதில், அதற்குப் பிறகு தேடல். மறைத்த எண் என்றால் தேடவே வேண்டாம்.

25 ஜனவரி, சனி

அக்காவின் நோட்டுப் புத்தகத்தை ஏற்றும் வேலை. தண்ணீர் பட்டு ஊறிய பக்கங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆயர் ஈத்தாம் டீச்சர்', 'பட்டர்வொர்த் குருக்கள்', 'ரோஜா வேணாம்னவங்க'. எண்கள் அதைவிட மோசம். வீட்டு போன் என்றால் வெறும் 7 இலக்கம்; பினாங்கில் யார் ஏரியா கோடு 04-ஐ எழுதுவார்கள்? கைப்பேசியில் 012 வகையறா மொத்தம் 10 இலக்கம், 011 என்றால் 11. ஆனால் அழைப்போடு வரும் எண் பெரும்பாலும் நாட்டுக் குறியீடு +60 போட்டு, முன்னால் உள்ள பூஜ்யம் இல்லாமல் வருகிறது. கூகளின் லிப்போன்நம்பர் என்ற நிரல் தொகுப்பு இதையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், அந்த 7 இலக்கத்தைத் தவிர. அதற்கு ஏரியா கோடு ஊகிக்கத் தெரியாது. 04-ஐ நானே ஒட்டினேன். கெடாவுக்கும் பெர்லிசுக்கும் அதே 04 என்பது வசதியாகப் போயிற்று.

எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும். கிளவுடில் ஏற்றுவதாக இல்லை.

26 ஜனவரி, ஞாயிறு

எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலி போனில்) பொய் அழைப்பு விட்டுச் சோதித்தேன். ஓடுகிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

கடைப் போனில் ஒரு வினோதம். புதியவர்கள் கூப்பிட்டால் விவரம் காட்டும் பட்டை திரையில் வருகிறது. தினசரி கூப்பிடும் குருக்கள் கூப்பிட்டால் வரவில்லை. தேடிப் பார்த்தால் அது விதியே: போனின் காண்டாக்ட்ஸில் இருப்பவரின் அழைப்பை, காண்டாக்ட்ஸ் படிக்கும் அனுமதி இல்லாத செயலிக்குச் சிஸ்டம் காட்டாது. ஸ்கேமைப் பிடிக்கிற செயலிக்கு அது பொருத்தம், தெரிந்தவரை எதற்குச் சோதிக்க வேண்டும்? எங்களுக்கோ பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். அனுமதி கேட்டாயிற்று.

அக்கா மகனிடம் இருப்பது ஐபோன். அங்கே கதையே வேறு. யார் அழைக்கிறார் என்பதைச் செயலியிடம் சொல்லவே மாட்டார்கள். எண்களையும் அவற்றுக்கான குறிப்பையும் ஏறுவரிசையில் முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும், போனே பொருத்திக் காட்டும். தனியுரிமைக்கு அதுதான் நல்ல ஏற்பாடு என்று தோன்றுகிறது. ஆனால் பாக்கி மாறும்போதெல்லாம் பட்டியலை மறுபடி ஏற்ற வேண்டும். பிறகு பார்க்கலாம்.

8 பிப்ரவரி, சனி

கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். போன் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. அக்காவின் விரல் எப்போதும் ஈரம், நார் வேறு. விரல் முட்டியால் தட்டி எடுக்கிறார். நான் பட்டையில் வைத்திருந்த மூன்று பட்டன்களும் அவருக்கு வீண். ஒன்று தவறுதலாக அமுங்கி பாக்கியே அழிந்துபோகலாம். மூன்றையும் எடுத்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கினேன். 'குருக்கள். மல்லி 10 முழம். பாக்கி 35.' இரண்டடி தள்ளி நின்றே படிக்கிறார்.

10 பிப்ரவரி, திங்கள்

நாளை தைப்பூசம், இன்று ரதங்கள் புறப்படும் நாள். கடைப் பக்கம் நான் போகவில்லை. போனால் பூக்கூடை தூக்க வைத்துவிடுவார்கள். மதியம் அக்காவிடமிருந்து ஒரே ஒரு குரல் செய்தி, பின்னணியில் மேளம்: "தம்பி, பழைய பாக்கி ரெண்டு பேர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன்."

15 பிப்ரவரி, சனி

பாதிப் பேர் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுகிறார்கள். அந்த அழைப்புகள் கால் ஸ்கிரீனிங் வழியாக வருவதில்லை. சுற்றுவழி ஒன்று உண்டு: நோட்டிபிகேஷன்களைப் படிக்கும் அனுமதி. அதை வாங்கினால் வங்கிச் செய்தி முதல் குடும்பக் குழுச் சண்டை வரை எல்லாம் என் செயலியின் கண்ணில் படும். இரண்டு வரி பாக்கிக் கணக்குக்காக அது வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"வாட்ஸ்அப்ல மூஞ்சி தெரியுதே தம்பி, அது போதும். நீ பாக்கிய மட்டும் தேதி போட்டுக் காட்டு."

நாளை தேதி சேர்க்க வேண்டும்.