தியரிக்குப் படிக்கிற நாட்கள்

ஜனவரி 13, திங்கள்

புரொவிஷனல், அதுதான் கார் பழகிற லைசென்ஸ், வந்திட்டுது. வலிப்பு வந்ததால இவரின்ர பிங்க் காட், முழு லைசென்ஸ், ஸ்வான்சியில இருக்கிற லைசென்ஸ் கந்தோருக்குத் திரும்பிப் போன அதே கிழமையில என்ர பச்சைக் காட் அங்கயிருந்து வந்திருக்கு. கையில எடுத்துக் காட்டினன், வடிவா இருக்குது எண்டார், பிறகு யன்னலுக்கு வெளியில காரைப் பாத்துக்கொண்டு இருந்தார். நானும் ஒண்டும் கதைக்கேல்ல.

ஜனவரி 15, புதன்

கார் ஓடுறதுக்கான தியரி டெஸ்ட் புக் பண்ணியாச்சு, 23 பவுண்ஸ். பெப்ரவரி 24 காலமை. 50 கேள்வி, 57 நிமிசம், 43 சரி வரோணும், அதுக்குப் பிறகு 14 வீடியோ, 75க்கு 44 எடுக்கோணும், ரெண்டையும் ஒரே நேரத்தில பாஸ் பண்ணோணும், ஒண்டில போனா ரெண்டும் போச்சு. முன்வீட்டு அக்கா எழுதேக்க தமிழ்ல கேட்கலாமாம், ஹெட்போனைப் போட்டா ஒரு ஆள் கேள்வியை வாசிச்சுக் காட்டுமாம். 2014 ஏப்ரலோட அதெல்லாத்தையும் நிப்பாட்டிட்டினம், இப்ப இங்கிலீஷும் வெல்ஷும் மட்டும்தான். அக்கா அதைச் சொல்லேக்க எனக்குக் கண் கலங்கிப்போச்சு. ஊரில ஸ்கூட்டி ஓடினவள் நான், ரோட்டுக்குப் பயமில்ல. ஒரு கேள்வியை மூண்டு தரம் வாசிச்சுத்தான் என்ன கேக்கிறாங்கள் எண்டு பிடிபடுது, அந்த நேரம்தான் பயம்.

ஜனவரி 19, ஞாயிறு

நிப்பாட்டுற தூரம். மணிக்கு 20 மைலில போனா 12 மீற்றர், 30ல 23, 40ல 36, 50ல 53, 60ல 73, 70ல 96. சமைக்கேக்க சொல்லுறன், பாத்திரம் கழுவேக்க சொல்லுறன், மகன் ஸ்கூலுக்குப் போகேக்க கதவில நிண்டு "அம்மா, 50?" எண்டு கேக்கிறான். ஒவ்வொண்டுக்குள்ளயும் ரெண்டு பங்கு இருக்கு, 30ல 9 மீற்றர் யோசிக்கிற தூரம், 14 மீற்றர் பிரேக் பிடிக்கிற தூரம். அந்த 9தான் எனக்கு நெஞ்சுக்குள்ள நிக்குது. யோசிக்கிற ஆள் இருந்தாத்தானே அது 9. அண்டைக்கு இவருக்கு வலிப்பு வந்தது குசினிக்குள்ள, கையில தேத்தண்ணிக் கோப்பை. அதுக்கு ஒரு மணித்தியாலம் முன்னம் எம்1 மோட்டர்வேயில 70ல வந்துகொண்டிருந்தனாங்கள், பின்னால பிள்ளையள் ரெண்டும் நித்திரை. 70ல செக்கனுக்கு 31 மீற்றர் போகுது கார். அவருக்கு ரெண்டு நிமிசம் நினைவில்ல. கணக்குப் பாத்தனான், பாத்திருக்கக் கூடாது, மூண்டே முக்கால் கிலோமீற்றர் வருது. இதை ஆரிட்டயும் சொல்லேல்ல. இவரிட்டச் சொல்லவே மாட்டன்.

ஜனவரி 20, திங்கள்

நிப்பாட்டுற தூரம் ஈரத்தில ரெண்டு மடங்கு, ஐஸில பத்து மடங்கு.

ஜனவரி 27, திங்கள்

வீடியோதான் கஷ்டம். ஆபத்து உருவாகத் தொடங்கிறதைக் கண்ட உடனே மவுசை அமத்தோணும். ரோட்டோரத்தில ஒரு வான் நிக்குது. அது சும்மா நிக்கும் வரைக்கும் ஒண்டுமில்ல. இண்டிகேட்டர் மின்னி முன்சில்லு வெளிப்பக்கம் திரும்பத் தொடங்குது பாருங்கோ, அந்த இடத்தில அமத்தினா 5, சுணங்கச் சுணங்க 4, 3 எண்டு இறங்கி 0க்கு வந்திடும். முந்தி அமத்தினாலும் கணக்கில வராது. பயத்தில அடிக்கடி அமத்திக்கொண்டிருந்தா கள்ளம் எண்டு அந்த வீடியோவுக்கே 0. எனக்கு எல்லாமே ஆபத்தாத்தான் தெரியுது. பந்தோட ஒரு பிள்ளை நிண்டாலே கை தன்பாட்டில போகுது. இவர் பக்கத்தில இருந்து, "பொறும், இன்னும் இல்ல, இன்னும் இல்ல, இப்ப அமத்தும்" எண்டு சொல்லித் தந்தார். அந்த அரை மணித்தியாலம் பழைய ஆளா இருந்தவர்.

பெப்ரவரி 2, ஞாயிறு

காருக்கு பற்றரி இறங்கிப்போச்சு. தம்பி வந்து வயர் குடுத்து ஸ்ராட் பண்ணி விட்டவன். இவர் வெளியில வரேல்ல.

பெப்ரவரி 5, புதன்

இண்டைக்குப் படிச்சது எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. 2022 ஜனவரியில ஹைவே கோட் எண்ட ரோட்டு விதிப் புத்தகத்தை மாத்தினவங்கள், சந்தியில கார் திரும்பேக்க கடக்கிறதுக்காக நிக்கிற சனத்துக்கும் கார்தான் இடம் விடோணும், ரோட்டில கால் வச்சிருக்கோணும் எண்டில்ல. ஆருக்கு அதிகம் சேதம் செய்யிற பலம் இருக்கோ அவைக்குத்தான் பொறுப்புக் கூட. சைக்கிளை முந்தேக்க 30 மைல் வேகம் வரைக்கும் ஒண்டரை மீற்றர் விடோணும், குதிரைக்கு ரெண்டு மீற்றர், அதுவும் 10க்குக் கீழ மெதுவா. இத்தினை வருசமா தள்ளுவண்டிலோட, சாமான் பையோட, மழைக்குள்ள நிண்டு எல்லாக் காரையும் போக விட்டிருக்கிறன். நான் ஓடேக்க அப்பிடி ஒரு தாய் நிண்டா கட்டாயம் நிப்பாட்டுவன்.

ஆக்கள் ரோட்டைக் கடக்கிற சிக்னல் வகை ரெண்டு, பெலிக்கனும் பஃபினும், இன்னும் குழப்புது. பெலிக்கன்ல சிவப்புக்குப் பிறகு அம்பர் மின்னும், ஆக்கள் கடந்துகொண்டிருந்தா விடோணும். பஃபின்ல மின்னாது, ஆக்கள் கடந்து முடிஞ்சிட்டினமோ எண்டு சென்சர் பாக்கும்.

பெப்ரவரி 11, செவ்வாய்

சாமம் ரெண்டு மணி. இவர் புரண்டா நான் எழும்பிடுறன். கை சும்மா அசையுதோ, இல்லாட்டி இழுக்கத் தொடங்குதோ, இருட்டில எப்பிடித் தெரியும். கையை அவற்ற தோளில வச்சுக்கொண்டு படுக்கிறன். சும்மாதான், சும்மாதான் அசைஞ்சது.

பெப்ரவரி 14, வெள்ளி

மொக் டெஸ்டில 47. கடவுளே.

பெப்ரவரி 19, புதன்

ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில போய் வந்தம். குளிசையைக் கூட்டியிருக்கினம். ஒரு வருசம் வலிப்பு வராம இருந்தா லைசென்சுக்குத் திரும்பப் போடலாம் எண்டு டொக்டர் திருப்பியும் சொன்னவர், இவர் விரல் விட்டு மாசத்தை எண்ணிக்கொண்டு வந்தார். பஸ்ஸில மேல்தட்டில முன்சீற்றில இருந்தம். எனக்கு ஒவ்வொரு போர்டா காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். வட்டம் எண்டா கட்டளை, முக்கோணம் எண்டா எச்சரிக்கை. ஸ்ரொப் மட்டும் ஏன் எட்டு மூலை? பனி மூடினாலும் உருவத்தில தெரியோணும் எண்டு. எல்லாம் சொன்னன். "நீர் பாஸ்" எண்டார்.

பெப்ரவரி 23, ஞாயிறு

விடிய நாலு மணிக்குத் திரும்ப வந்தது.

அம்புலன்ஸ் வந்து பாத்திட்டு வீட்டிலயே விட்டிட்டுப் போயிட்டினம். நாக்குக் கடிபட்டிருக்கு. மத்தியானம் மட்டும் நித்திரை. எழும்பினதும் முதல் கேட்டது, "அப்ப திரும்ப முதல்ல இருந்தோ?" நான் ஓம் எண்டன். பொய் சொல்லி என்ன பிரயோசனம்.

டெஸ்ட் நாளைக்கு. மாத்திறதெண்டா மூண்டு வேலை நாளுக்கு முன்னம் மாத்தியிருக்கோணும், இப்ப விட்டா காசும் போச்சு, அடுத்த நாள் எப்ப கிடைக்குமோ. நான் போகேல்ல எண்டு சொன்னன். இவருக்குக் கோவம் வந்திட்டுது, எத்தினையோ நாளைக்குப் பிறகு சத்தமாக் கதைச்சவர். "நீர் போட்டு வாரும். அம்மா நிக்கிறாதானே."

மாமிக்கு எல்லாம் எழுதி ஃபிரிட்ஜில ஒட்டோணும். குளிசை எட்டு மணிக்கு. வந்தா சரிச்சுப் படுக்க வைக்கோணும், வாய்க்குள்ள ஒண்டும் வைக்கக் கூடாது, நேரத்தைப் பாக்கோணும், 5 நிமிசம் தாண்டினா 999. மாமிக்குக் கண்ணாடி இல்லாம வாசிக்கத் தெரியாது, பெரிய எழுத்தில எழுதோணும். பஃபினை இன்னொருக்காப் பாக்கோ